பயன்படாத நிரலை எங்கே வெட்டுவது, எங்கே விடுவது? (செக்ரோல் மென்பொருள், விஷுவல் பேசிக் 6)

கொட்டகலைக்காரன்:

வணக்கம். ஹட்டன் பக்கம் மூன்று தேயிலைத் தோட்டங்களுக்குச் செக்ரோல் (தொழிலாளரின் வேலை வரவு, சம்பளப் பதிவேடு) கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று சென்ற மாதம் என் தலையில் விழுந்தது. 2004இல் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் தொடங்கியது. எழுதியவர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஆளுக்கொரு சாய்ப்பு இறக்கிக் கட்டிய லயத்து வீடுபோல இருக்கிறது இப்போது. மொத்தம் 41,000 வரிகள். எம்இசட் டூல்ஸ் என்ற நிரல் ஆராயும் கருவியைப் போட்டுத் தேடினேன். அதில் மூன்றிலொரு பங்கை யாருமே அழைப்பதில்லை என்கிறது.

மாதிரிக்குச் சில. ‘சம்பளக்கணக்கு’ என்று ஒரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யப் பெயரிட்டு வைத்த நிரல் துண்டு). பக்கத்தில் ‘சம்பளக்கணக்கு2’. அடுத்து ‘சம்பளக்கணக்குபுதியது’. அதற்கும் கீழே ‘சம்பளக்கணக்குபுதியதுசரி’. இயங்குவது எது தெரியுமா? இரண்டு என்று எண் போட்டதுதான்.

75 சதவீத வேலை வரவு இருக்கிறதா என்று பார்த்து 60 ரூபாய் கூட்டும் நிரல் 300 வரிக்கு நீள்கிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 என்று 730 ரூபாய் இருந்த காலத்துச் சரக்கு அது. 2019 ஒப்பந்தத்தோடு வரவும் உற்பத்தியும் போய் அடிப்படை 700 ஆனது. 2021இல் சம்பளச் சபை வழியாக 1000 வந்தது. நிரல் மட்டும் அந்த 60 ரூபாயை விடவில்லை.

லொறியின் எரிபொருள் ஒதுக்கீட்டைப் பார்க்க ஒரு திரை இருக்கிறது. 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது சேர்த்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் முறை நின்றது, திரை நிற்கவில்லை. இன்னொரு செயற்கூறின் பெயர் ‘அரைமணி’. இரவுக் காவல்காரரின் வேலை நேரத்தில் 30 நிமிடம் கழிக்கிறது. ஏன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒவ்வொரு முறை சம்பளம் மாறும்போதும் நான்கு சம்பளக்கணக்கையும் வாசித்துத்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

தலவாக்கலைரயில்:

அழித்துத் தள்ளுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் இருக்கும்போது என்ன பயம்? தேவைப்பட்டால் ஒரு கட்டளையில் திரும்ப வந்துவிடும்.

கொட்டகலைக்காரன்:

கிட் எங்கே இருக்கிறது! என் கையில் தந்தது 14 ஜிப் கோப்புகள். ஒன்றின் பெயர் ‘கடைசி’. இன்னொன்றின் பெயர் ‘கடைசிக்குக் கடைசி’. பின்னதுதான் பழையது.

தலவாக்கலைரயில்:

அப்படியானால் என் முதல் பதிலை மறந்துவிடுங்கள். ஒரு வரியையும் தொடாமல் 14 ஜிப்பையும் வரிசையாகக் கிட்டில் பதியுங்கள். ஜிப்பின் திகதியை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் கோப்புகளில் கடைசியாகத் திருத்தியது எதுவோ அதன் திகதியை எடுங்கள். இன்னொன்று, வரிமுடிவுகளை (வரி முடிகிறது என்று காட்டும் மறைகுறிகளை) மாற்ற கிட்டை விடாதீர்கள். விஷுவல் பேசிக் 6 படிவக் கோப்பின் வரிமுடிவு மாறிப்போனால் அதை ஒழுங்காகத் திறக்காது. நான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

பதிந்த பிறகு கிட்டின் லாக் கட்டளையோடு பெரிய எஸ் தெரிவைச் சேர்த்து ‘அரைமணி’ என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் எந்தப் பதிவில் நுழைந்தது என்று காட்டும். அதே நாளில் கூட வந்தவை எவை என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஊவாக்காற்று:

தம்பி, ‘யாரும் அழைப்பதில்லை’ என்று கருவி சொன்னால் அதன் பொருள் ‘நான் பார்த்த இடத்தில் யாரும் அழைக்கவில்லை’ என்பதுதான். விஷுவல் பேசிக் 6இல் கால்பைநேம் என்று ஒன்று உண்டு. செயற்கூறின் பெயரை வெறும் எழுத்துச்சரமாகக் கொடுத்தே அழைக்கலாம். அந்தப் பெயர் நிரலுக்குள்ளேயே இருக்காது. ஆக்சஸ் தரவுத்தளத்தில் ஏதோ ஓர் அட்டவணையின் மூன்றாம் நிரையில் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்பு பதுளைப் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்துக்கு இதே மாதிரி மென்பொருளைத் துப்புரவாக்கினேன். மூன்று மாதம் எந்தச் செயற்கூறு ஓடுகிறது என்று பதிவு வைத்தேன். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஒருமுறைகூட ஓடாததை எல்லாம் அழித்தேன். பெருமையாக வேறு இருந்தது.

ஐப்பசி வந்தது. தீபாவளி முற்பணம் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கும் திரை இருந்தது, மாதாமாதம் கழிக்கும் செயற்கூறை நான் அழித்திருந்தேன். அதைப் பெயரால் அழைத்த இடத்துக்கு மேலே ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ (பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ) என்று முன்பு யாரோ எழுதிவைத்திருந்தார். ஆகவே பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கழிவு இல்லாமலே சம்பளச் சீட்டு அச்சானது. நவம்பரிலும் டிசம்பரிலும் எல்லோருக்கும் முழுச் சம்பளம். ஜனவரியில் யாரோ கண்டுபிடித்து மூன்று மாதக் கழிவையும் ஒன்றாகப் பிடித்தார்கள். பொங்கல் மாதத்தில். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் பெயரைச் சொல்லித் திட்டியதாகக் கேள்வி. திட்டியது நியாயம்.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளி, ஒரு சித்திரைப் புத்தாண்டு, ஒரு மார்ச் மாத இறுதிக் கணக்கு இவை மூன்றும் கடக்காமல் தோட்டக் கணக்கில் எதையும் செத்தது என்று நான் சொல்வதில்லை.

‘அரைமணி’ என்ன என்று கேட்டிருந்தீர்கள். 1996இல் மின்வெட்டுக் காலத்தில் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி அதை அரைமணி பின்னே இழுத்துப் பழைய நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்று இரவுக் காவலில் நின்றவருக்கு அரைமணி கூடுதல் வேலை. எழுதியவர் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், கழித்திருக்கக் கூடாது, கூட்டியிருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் ஓர் இரவுக்காக எழுதியது. தாராளமாக அழிக்கலாம்.

சிங்கமலைச்சுரங்கம்:

செத்த நிரல் சும்மா கிடக்கட்டுமே, சாப்பாடா கேட்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டொலருக்கு மேல் இழந்தது. 2003இலிருந்து பயன்படுத்தாத ஒரு செயற்பாடு அவர்களுடைய நிரலில் அப்படியே கிடந்தது. புதிய வேலைக்கு ஒரு சமிக்ஞை தேவைப்பட்டபோது, அந்தப் பழைய செயற்பாட்டை எழுப்பிய அதே சமிக்ஞையை எடுத்துப் புதிதுக்கு மாட்டினார்கள். எட்டு வழங்கிகளில் (சர்வர்) ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றில் சமிக்ஞை போனதும் ஒன்பது வருடமாகத் தூங்கியது எழுந்து ஓயாமல் வாங்கி விற்கத் தொடங்கியது.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நுவரெலியாவில் மொத்த வியாபாரி ஒருவருடைய பட்டியல் மென்பொருளை நான் பார்த்தேன். 2019 டிசம்பர் 1இலிருந்து தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இல்லை. அதற்கான நிரையை எவரும் எடுக்கவில்லை, சும்மா சைபர் போட்டு வைத்தார்கள். 2022 ஒக்டோபரில் 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி வந்தது. புதிதாக ஒரு நிரை திறக்கச் சோம்பல்பட்ட யாரோ சும்மா கிடந்த நிரையில் புதிய வரியைப் போட்டார். விளைவு என்ன? 2019 மார்ச் மாதத்துப் பட்டியலை மறுபடி அச்சிட்டால் அதில் 2022இன் வரி வருகிறது! கணக்காய்வாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சும்மா கிடக்கும் இடம் இருந்தால் யாராவது குடியேறுவார்கள். நான் அழிக்கச் சொல்வது இடத்தை மிச்சப்படுத்த அல்ல.

கவ்வாத்துக்கத்தி:

நான் கணினிப் படிப்புப் படித்தது பின்னால். அதற்கு முன்பு அப்பாவோடு கவ்வாத்து (தேயிலைச் செடியைத் தாழ வெட்டுவது) மலைக்குச் சாப்பாடு கொண்டுபோனவன். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் அதுதான் நினைவு வருகிறது.

மேல்நாட்டில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும், கொழுந்து குறையும், கை எட்டாது. ஆனால் வெட்டும் நாளைக் கத்தி பிடிப்பவர் தீர்மானிப்பதில்லை. வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று அயடின் தடவிப் பார்ப்பார்கள், கருநீலமானால் சரி. வேர் வெறுமையாக இருக்கும்போது வெட்டினால் செடி துளிர்க்காமல் செத்துப்போகும். சில மலைகளில் ஒன்றிரண்டு இலைக்கிளைகளை வெட்டாமல் விட்டு, மற்றவை துளிர்த்த பின்புதான் அவற்றை எடுப்பார்கள். அந்தக் கிளைகள் இருக்கும்வரை செடிக்கு மூச்சு.

கொட்டகலைக்காரரே, நான்கு சம்பளக்கணக்கில் மூன்றை வெட்டுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

ஊவாக்காற்று:

உவமை அழகு, ஆனால் எனக்குப் பொருந்தவில்லை. கவ்வாத்தில் வெட்டுவது உயிருள்ள கிளையை, அது திரும்பத் துளிர்க்கும் என்று நம்பி. நாம் பேசுவது பட்ட கிளையை. அது துளிர்க்கக் கூடாது என்பதுதானே நம் கவலை? சிங்கமலையார் சொன்ன கதையில் துளிர்த்ததுதான் கேடு.

கவ்வாத்துக்கத்தி:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டது எது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? இலையில்லாத கிளையை அப்பா உடனே வெட்டமாட்டார். பெருவிரல் நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டுவார். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுவார். அவர் நகத்துக்கடியில் எப்போதும் ஒரு பச்சைக் கோடு இருக்கும்.

நிரலில் அந்தச் சுரண்டலை இப்படிச் செய்யலாம். சந்தேகமான ஒவ்வொரு செயற்கூறின் முதல் வரியிலும் ‘நான் இன்ன நாளில் அழைக்கப்பட்டேன், அழைத்தவர் இன்னார்’ என்று ஒரு கோப்பில் எழுத வையுங்கள். அந்த வரிகளுக்கு ரெஸ்யூம் நெக்ஸ்ட்டின் தயவு வேண்டியதில்லை. பிறகு காத்திருங்கள். எவ்வளவு காலம் என்பதை ஊவாக்காற்று அண்ணனே சொல்லிவிட்டார்.

கணக்கப்பிள்ளைஓய்வு:

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. 31 வருடம் செக்ரோல் எழுதியவன், கடைசிப் பத்து வருடம் இப்படிப்பட்ட மென்பொருளில் தட்டியவன். ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்கிறேன்.

நீங்கள் செத்தது என்று சொல்லும் கணக்கைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஓர் அம்மா வருவார், கையில் பொலித்தீன் பையில் மடித்த சம்பளச் சீட்டு. 2017 ஜூலையில் தனக்கு ஐந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதாகவும் அது தவறு என்றும் சொல்வார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8, தோட்டம் 12 சதவீதம் கட்ட வேண்டும். அந்த மாதம் கட்டியதில் வித்தியாசம் இருந்தால் தொழில் திணைக்களத்தில் கேட்பார்கள். சேவைக்காலப் பணம் கடைசிச் சம்பளத்தில் வருடத்துக்கு 14 நாள் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு எத்தனை வருடம் வேலை செய்தார் என்பது வேண்டும், பழைய செக்ரோல் வேண்டும். 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவை நீங்கள் அழித்துவிட்டால் 2017 ஜூலைச் சீட்டை எப்படி அச்சிடுவீர்கள்?

இன்னொன்று. அடையாள அட்டை இலக்கம் 2016இலிருந்து 12 இலக்கம். பழையது 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். பழையதைச் சரிபார்க்கும் பகுதியைப் ‘பழசு’ என்று எடுத்துவிடாதீர்கள். ஓய்வுக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சிங்கமலைச்சுரங்கம்:

ஐயா, இந்த இழையிலேயே மிகப் பெறுமதியான பதில் உங்களுடையதுதான். ஆனால் அதிலிருந்து நான் எதிர்த்திசைக்குப் போகிறேன். 2017 ஜூலைச் சீட்டை அச்சிட 2017இன் நிரல் எதற்கு? அன்று கணக்கிட்ட விடை எங்கே?

கொட்டகலைக்காரரே, பழைய மாதத்தின் சீட்டை உங்கள் மென்பொருள் எப்படித் தருகிறது? சேமித்துவைத்த தொகைகளை எடுத்துத் தருகிறதா, அல்லது வரவை எடுத்து முதலிலிருந்து மறுபடி கணக்கிடுகிறதா?

கொட்டகலைக்காரன்:

பார்த்தேன். மறுபடி கணக்கிடுகிறது. இன்னும் மோசம், ‘சம்பளக்கணக்கு2’ஐக் கொண்டே கணக்கிடுகிறது. அதில் 60 ரூபாய் இல்லை. 2017 ஜூலையை அச்சிட்டால் அன்று கிடைத்ததல்ல, வேறேதோ ஒரு தொகை வருகிறது. அதாவது, அந்த 300 வரி இருந்தும் ஐயாவின் அந்த அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை.

சிங்கமலைச்சுரங்கம்:

பார்த்தீர்களா. கணக்கு முறையை அழியுங்கள், கணக்கின் விடையை வையுங்கள். பழைய ஜிப்பில் அந்தக் காலத்துப் பதிப்பை எடுத்து ஒவ்வொரு மாதத்தையும் ஒருமுறை ஓட்டி, வந்த தொகைகளைத் தனி அட்டவணையில் கல்லில் வெட்டியதுபோல எழுதிவிடுங்கள். இருக்கும் காகிதச் சீட்டுகளில் சிலவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் 300 வரியும் போகட்டும்.

மஸ்கெலியாமழை:

ஆண்கள் எல்லோரும் நிரலைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆட்கள் பயன்படுத்தும் வசதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. யாரும் அழைக்காத செயற்கூறை அழிப்பது நமக்குள் முடியும் வேலை. திரையில் இருக்கும் ஒரு பொத்தானை எடுப்பது வேறு வேலை. அங்கே ஓர் ஆளின் கைப்பழக்கம் இருக்கிறது.

நான் பராமரிக்கும் ஒரு மென்பொருளில் ‘பாமினிக்கு மாற்று’ என்று ஒரு பொத்தான். இந்தக் காலத்தில் யூனிகோட் இல்லாத எழுத்துருவா என்று எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அலுவலகத்து அக்கா அழைத்தார். அறிவிப்புப் பலகைக்குப் பட்டியல் ஒட்ட அவர் பழைய பேஜ்மேக்கரில்தான் அமைக்கிறார். அதற்குப் பாமினி வேண்டும். பொத்தானை அன்று மதியமே திருப்பி வைத்தேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘யாராவது ஒருவருக்கு உதவும்’ என்று வைத்திருப்பதற்கும் விலை இருக்கிறது. லொக்போர்ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பில் 2013இல் ஒரு தேடல் வசதியைச் சேர்த்தார்கள். அப்படி ஒன்று இருப்பதே அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் அந்த வாசல் வழியாக வெளியாள் எவரும் வழங்கிக்குள் தன் நிரலை ஓட்டலாம் என்று தெரியவந்து உலகமே இரவிரவாக விழித்திருந்தது. ஏரியன் 5 ராக்கெட்டும் அப்படித்தான். 1996 ஜூன் 4ஆம் திகதி, கிளம்பிச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன் 4க்காக எழுதிய திசைச்சீர் நிரல் கிளம்பிய பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. புதிய ராக்கெட்டுக்குக் கிளம்பிய பின் அது தேவையே இல்லை. புதியதன் வேகம் அதிகம், எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. வேண்டாத வேலையைச் செய்யப்போய்த்தான் வேண்டிய கருவி நின்றது.

அக்காவின் பொத்தானை நான் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பக்கத்தில் அவர் பெயரையும் ஏன் வேண்டும் என்பதையும் நிரலில் எழுதிவைத்திருக்கிறேன். அவர் ஓய்வுபெறும் நாளில் அதுவும் போகும்.

கொட்டகலைக்காரன்:

நல்லது. இனி எனக்கு வேறொரு சிக்கல். முதலாளியிடம் இதற்கு ஒரு மாதம் வேண்டும் என்றேன். “ஒரு மாதம் வேலை செய்து மென்பொருள் சிறியதாகுமா? அதற்கு ஏன் காசு?” என்கிறார்.

தலவாக்கலைரயில்:

1982இல் ஆப்பிளின் லீசா கணினிக் குழுவில் வாரத்துக்கு எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்துக் கேட்டார்கள். குழுவில் நிரல் எழுதிய பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி வேகமாக்கியிருந்தார், 2000 வரிகள் குறைந்திருந்தன. படிவத்தில் கழித்தல் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை விட்டுவிட்டார்கள். உங்கள் முதலாளிக்கு இந்தக் கதை பிடிக்காது, இருந்தாலும் சொல்லி வையுங்கள். அதைவிட, அடுத்த சம்பள மாற்றத்துக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று இப்போதும் துப்புரவுக்குப் பின்னும் எழுதிக் காட்டுங்கள். நாள் கணக்கு அவருக்குப் புரியும்.

கொட்டகலைக்காரன்:

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன். தீபாவளி கடந்துவிட்டது.

14 ஜிப்பும் கிட்டில் இருக்கின்றன. சுரண்டல் வரிகளை 212 செயற்கூறுகளில் போட்டேன். கருவி ‘அழைப்பதில்லை’ என்று சொன்னவற்றில் ஒன்பது உயிரோடு இருந்தன. ஏழு அறிக்கைப் பட்டியலிலிருந்து பெயரால் அழைக்கப்பட்டவை. ஒன்று, ஊவாக்காற்று அண்ணன் சொன்னதேதான், முற்பணக் கழிவு! ஒக்டோபர் 28ஆம் திகதி அந்தக் கோப்பில் அதன் பெயரைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. இன்னொன்றை யார் அழைக்கிறார்கள் என்று இன்னும் தேடுகிறேன்.

பழைய மாதங்களின் தொகைகள் இப்போது தனி அட்டவணையில் இருக்கின்றன. காகிதச் சீட்டுகள் 60உடன் ஒப்பிட்டேன், இரண்டில் பொருந்தவில்லை. ஒன்றில் கையால் திருத்தி ஒப்பம் வைத்திருக்கிறார்கள். மற்றதை கணக்கப்பிள்ளை ஐயாவிடம் அனுப்பியிருக்கிறேன். நான்கு சம்பளக்கணக்கு இப்போது ஒன்று, பெயரிலிருந்த 2ஐயும் எடுத்துவிட்டேன். 41,000 வரி 29,000 சொச்சமாகியது.

தவறு நடந்தது நான் பயப்படாத இடத்தில். எரிபொருள் கியூஆர் திரையைச் சந்தேகமே இல்லாமல் எடுத்தேன், அதற்குச் சுரண்டல் வரிகூடப் போடவில்லை. இரண்டாம் நாள் லொறிச் சாரதி அலுவலகத்துக்கு வந்து நின்றுவிட்டார். ஒதுக்கீடு நின்றது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தத் திரையில் ‘மீதி லீட்டர்’ என்ற பெட்டியில் அவர் தினமும் லொறியின் மைல்மீட்டர் எண்ணை எழுதிவந்திருக்கிறார். இரண்டு வருடக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. ரயர் மாற்றுவதும் எண்ணெய் மாற்றுவதும் அதைப் பார்த்துத்தான்.

மஸ்கெலியாமழை:

திரையைத் திருப்பி வைத்தீர்களா?

கொட்டகலைக்காரன்:

வைத்தேன். பெட்டியின் பெயரை ‘மைல்மீட்டர்’ என்று மாற்றினேன். மெனுவில் மட்டும் இன்னும் ‘கியூஆர்’ என்றுதான் இருக்கிறது. வேறு பெயர் வைத்தால் தேடமாட்டேன் என்று சாரதி சொல்லிவிட்டார்.